பெரிய தொலைநோக்கியா, நல்ல ஐபீஸா?

தொலைநோக்கி வாங்கி ஓராண்டு பழகியவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியில் வந்து நிற்கிறார்கள். கையில் 130 மி.மீ. கண்ணாடி வைத்த கருவி இருக்கிறது. நிலவின் பள்ளங்கள், வியாழனின் நான்கு துணைக்கோள்கள், சனியின் வளையம் எல்லாம் பார்த்தாயிற்று. கொஞ்சம் பணமும் சேர்ந்திருக்கிறது. அதைப் போட்டு 200 மி.மீ. தொலைநோக்கி வாங்குவதா, இருக்கிற கருவிக்கே உயர்தரமான ஐபீஸ்கள் வாங்குவதா? இரண்டுக்கும் ஆகும் செலவில் பெரிய வித்தியாசம் இல்லை. மிக அகன்ற காட்சி தரும் முதல்தர ஐபீஸ் ஒன்றின் விலைக்கு, 200 மி.மீ. டாப்சோனியன் வகைத் தொலைநோக்கியே முழுதாகக் கிடைத்துவிடும்.

கடைப் பெட்டிகள் இந்தக் குழப்பத்தைக் கூட்டுகின்றன. 76 மி.மீ. கண்ணாடியுள்ள சிறு தொலைநோக்கியின் பெட்டியில் ‘675 மடங்கு’ என்று அச்சிட்டிருப்பார்கள். கணக்கு சரியானதுதான். கருவியின் குவியத்தொலைவு 900 மி.மீ. அதில் 4 மி.மீ. குவியத்தொலைவுள்ள ஐபீஸைப் பொருத்தினால், 900-ஐ 4-ஆல் வகுக்க, உருப்பெருக்கம் 225 மடங்கு. உருப்பெருக்கத்தை மூன்று மடங்காக்கும் பார்லோ லென்ஸை இடையில் செருகினால் 675. ஆனால் அப்படிப் பார்க்கிறபோது, 60 மடங்கில் பளிச்சென்று தெரிந்த சனியின் வளையம் மங்கிய மஞ்சள் திட்டாகக் கரைந்துவிடுகிறது. பெரிதாக்கினால் கூடுதலாகத் தெரிய வேண்டும். இங்கே குறைவாகத் தெரிகிறது. இது ஏன் என்று புரிந்துகொண்டால் பணத்தை எதில் போடுவது என்பதற்கும் பாதி விடை கிடைத்துவிடும்.

இரண்டு பாகங்கள், இரண்டு வேலைகள்

தொலைநோக்கியின் அடியில் இருக்கும் குழிந்த கண்ணாடி, அல்லது சில கருவிகளில் முகப்பில் இருக்கும் லென்ஸ், வானத்து ஒளியைத் திரட்டிக் குழாயின் மறுமுனையில் ஒரு சிறிய பிம்பத்தை உண்டாக்குகிறது. இதை நேரில் பார்க்கலாம். நிலவை நோக்கிக் கருவியைத் திருப்பி, ஐபீஸைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் மெல்லிய டிரேசிங் தாளைப் பிடித்து, குவிக்கும் திருகை முன்னும் பின்னும் நகர்த்திப் பாருங்கள். 1200 மி.மீ. குவியத்தொலைவுள்ள கருவியானால், தாளில் ஏறக்குறைய 11 மி.மீ. அகலத்தில் ஒரு நிலா விழும். (சூரியனை நோக்கி இதை ஒருபோதும் செய்யக் கூடாது; கண்ணும் கருவியும் பாழாகும்.) அதே கருவியில் சனியின் வளையம் ஏறக்குறைய கால் மில்லிமீட்டர்தான் இருக்கும்.

அந்தச் சிறு பிம்பத்தை நெருங்கிப் பார்க்க உதவும் பூதக்கண்ணாடிதான் ஐபீஸ். பாடநூல்கள் இதைக் கண்ணருகு லென்ஸ் என்கின்றன. செய்தித்தாளில் அச்சான ஒரு புகைப்படத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்திருப்பீர்கள். கொஞ்சம் பெரிதாக்கும்வரை முகம் தெளிகிறது. அதற்கு மேல் போனால் அச்சுப் புள்ளிகள்தான் பெரிதாகின்றன, முகம் மறைந்துபோகிறது. எத்தனை புள்ளிகள் என்பது அச்சகத்திலேயே முடிவாகிவிட்டது. எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பூதக்கண்ணாடியாலும் அங்கே இல்லாத புள்ளியைச் சேர்க்க முடியாது. மட்டமான பூதக்கண்ணாடியோ, இருக்கும் புள்ளிகளையும் ஓரங்களில் கலங்கடித்துவிடும்.

தொலைநோக்கியின் பிம்பத்திலும் இப்படிப் ‘புள்ளிகள்’ உண்டு. அவை ஒளியின் இயல்பிலிருந்தே வருகின்றன.

விட்டம் வகுக்கும் எல்லை

ஒளி ஓர் அலை. வட்டமான திறப்பு வழியே நுழையும் அலை ஓரங்களில் சற்றே பரவுகிறது. இயற்பியலில் இதற்கு விளிம்பு விளைவு என்று பெயர். அதனால் வெறும் புள்ளியாகத் தெரிய வேண்டிய விண்மீன்கூடத் தொலைநோக்கிக்குள் ஒரு குட்டி வட்டாகவும், அதைச் சுற்றி மங்கிய வளையங்களாகவும் விழுகிறது. அதன் வடிவத்தை 1835-இல் கணக்கிட்டுக் காட்டியவர் ஆங்கிலேய வானியலாளர் ஜார்ஜ் ஏய்ரி. கண்ணாடியின் விட்டம் கூடக் கூட இந்த வட்டு சுருங்கும். பிம்பத்தின் அச்சுப் புள்ளி இதுதான். இதைவிட நெருங்கிய புள்ளிகளை அந்தக் கண்ணாடியால் பிரித்துப் பதிக்க முடியாது.

வில்லியம் ரட்டர் டாஸ் என்ற பாதிரியார் வேறொரு வழியில் இதே இடத்துக்கு வந்தார். நெருக்கமான இரட்டை விண்மீன்களை வெவ்வேறு விட்டமுள்ள தொலைநோக்கிகளில் பல்லாண்டு காலம் பார்த்து, எந்தக் கருவி எந்த இடைவெளிவரை இரண்டையும் பிரித்துக் காட்டுகிறது என்று குறித்துவைத்தார். 1867-இல் வெளியான அவரது விதி எளிமையானது: 116 என்ற எண்ணைக் கண்ணாடியின் மி.மீ. விட்டத்தால் வகுத்தால், பிரிக்க முடிந்த மிகச் சிறிய இடைவெளி வில்நொடிக் கணக்கில் கிடைக்கும். ஒரு டிகிரியை 3600 பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு வில்நொடி. 25 மி.மீ. அகலமுள்ள நாணயம் 5 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்து காட்டும் அகலம் அது. டாஸ் விதிப்படி 130 மி.மீ. கருவியின் பிரிதிறன் 0.89 வில்நொடி, 200 மி.மீ. கருவிக்கு 0.58. சனி வளையத்தின் காசினி இடைவெளி போன்ற நீண்ட கோடுகள் இந்த எல்லைக்குச் சற்றுக் கீழேயும் தென்படும். நெருங்கிய இரண்டு விண்மீன்கள் பிரிந்து தென்படா.

இனி 675 மடங்குப் புதிரை அவிழ்க்கலாம். நம் கண்ணால் ஏறக்குறைய 60 வில்நொடி இடைவெளியைப் பிரித்தறிய முடியும். 200 மி.மீ. கருவி பதிக்கும் 0.58 வில்நொடி விவரத்தைக் கண்ணுக்கு எட்டவைக்க 100 மடங்கு போதும். சிரமமில்லாமல் பார்க்க 200, 250 மடங்கு வைத்துக்கொள்ளலாம். 400-ஐத் தாண்டினால் பூதக்கண்ணாடியில் புள்ளிகள் பெருத்த கதைதான். விட்டத்தின் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் இரண்டு மடங்குக்கு மேல் போக வேண்டாம் என்று வானம் பார்ப்பவர்கள் சொல்லும் விதி இங்கிருந்து வருகிறது. 76 மி.மீ. கருவிக்கு அது 150 மடங்கு. 675-இல் பார்த்தால் அதன் விண்மீன் வட்டு, வெறுங்கண்ணில் தெரியும் முழுநிலவின் அகலத்தில் பாதிக்கு மேல் ஊதிவிடும். சனியின் ஒவ்வொரு புள்ளியும் அப்படி ஊதி ஒன்றின்மேல் ஒன்று படிந்தால் வளையம் எப்படித் தெரியும்?

எல்லை போடுவது ஐபீஸ் அல்ல, விட்டம்தான் என்பதை ஓர் அட்டையை வைத்து நாமே சோதிக்கலாம். அபிஜித் விண்மீனுக்குப் பக்கத்தில் எப்சிலான் லைரே இருக்கிறது. சிறு கருவியில் இரண்டு விண்மீன்களாகத் தெரியும். கூர்ந்து பார்த்தால் ஒவ்வொன்றும் மறுபடி இரண்டாகப் பிரியும். அந்த உள்ஜோடிகளின் இடைவெளி 2.3 வில்நொடி அளவுதான். 200 மி.மீ. கருவியில் 150 மடங்கில் நான்கும் தனித்தனியே தெரியும். இப்போது குழாயின் வாயை அட்டையால் மூடி, நடுவிலிருக்கும் சிறு கண்ணாடியின் நிழல் படாமல் ஓரமாக 40 மி.மீ. வட்டம் வெட்டிவிட்டுப் பாருங்கள். அதே ஐபீஸ், அதே 150 மடங்கு. விண்மீன் வட்டுகள் பருத்து, ஜோடிகள் ஒட்டிக்கொள்ளும். மாறியது திறப்பின் அகலம் மட்டுமே.

பாத் நகரத்து இரவு

ஐபீஸ் மாற்றியதால் நடந்த கண்டுபிடிப்பு ஒன்றும் வரலாற்றில் இருக்கிறது. இங்கிலாந்தின் பாத் நகரில் வாழ்ந்த வில்லியம் ஹெர்ஷல் தொழிலால் இசைக்கலைஞர். தொலைநோக்கிக் கண்ணாடிகளைத் தானே தேய்த்து மெருகேற்றுவார். 1781 மார்ச் 13 இரவு, 157 மி.மீ. விட்டமுள்ள கருவியில் 227 மடங்கு வைத்து மிதுன மண்டலத்தின் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஒரு ‘விண்மீன்’ மற்றவற்றைவிடச் சற்றுப் பருமனாகப் பட்டது. உடனே ஐபீஸை மாற்றினார். 460 மடங்கு, பிறகு 932. சுற்றியிருந்த விண்மீன்கள் அந்த விகிதத்தில் பெரிதாகவில்லை. இது மட்டும் பெரிதாகிக்கொண்டே வந்தது. விண்மீனாக இருக்க முடியாது, வால்மீனாக இருக்கலாம் என்று அறிவித்தார். அது யுரேனஸ் கோள்.

அதற்கு முன்பே பலர் யுரேனஸைப் பார்த்திருக்கிறார்கள். வானியலாளர் ஜான் ஃபிளாம்ஸ்டீட் 1690-இலேயே அதை ரிஷப மண்டலத்து 34-ஆம் விண்மீன் என்று தன் பட்டியலில் சேர்த்துவிட்டார். பாரிஸில் லெமோனியே 1750 முதல் 1769 வரை பலமுறை அதன் இடத்தைக் குறித்தார். கோள் என்று உணரவில்லை. அப்படியானால் ஹெர்ஷலுக்கு உதவியது ஐபீஸா? அவருடைய ஐபீஸ்கள் ஒற்றை லென்ஸால் ஆன எளிய பொருள்கள். 932 மடங்குக்கு உயர்த்தியபோதும் பிம்பம் கலைந்துபோகாமல் நின்றதற்குக் காரணம் அவர் தேய்த்த கண்ணாடி. 1782-இல் அந்தக் கருவியை கிரீனிச் அரச வானாய்வகத்துக்கு எடுத்துச் சென்று அங்கிருந்த கருவிகளோடு ஒப்பிட்டபோது, ஹெர்ஷலுடையதே மேலானது என்று தெரிந்தது. நல்ல கண்ணாடி விவரத்தைப் பதித்து வைத்திருந்தது. ஐபீஸை மாற்றியதும் அது கண்ணுக்கு எட்டியது.

அவர் வாழ்க்கையின் அடுத்த கட்டம், பெரிது வாங்க நினைப்பவர்களுக்குப் பாடம். மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் பணத்தில் 1.2 மீட்டர் கண்ணாடி கொண்ட தொலைநோக்கியை 1789-இல் கட்டி முடித்தார். உலகில் அதுவே அன்று பெரியது. கண்ணாடி ஏறக்குறைய ஒரு டன் எடை. உலோகக் கலவையால் செய்தது என்பதால் சீக்கிரம் கறுத்துப்போகும். கருவியை அசைக்கவே ஆட்கள் வேண்டும். அதனால் அவர் பெரும்பாலும் தன்னுடைய 47 செ.மீ. கருவிக்கே திரும்பினார். தங்கை கரோலின் ஹெர்ஷல் குறிப்பெடுக்க, 2500 ஒண்முகில்களையும் விண்மீன் கூட்டங்களையும் கொண்ட அவரது பட்டியல் உருவானது அந்தச் சிறிய கருவியில்தான். தூக்கி வைக்க முடியாத விட்டம் ஒளியைத் திரட்டுவதில்லை.

ஒளியின் கணக்கு

விவரத்தைப் போலவே ஒளியின் அளவையும் கண்ணாடிதான் முடிவுசெய்கிறது. 130-லிருந்து 200-க்குப் போனால் விட்டம் ஒன்றரை மடங்குதான் ஆகிறது, பரப்பு 2.4 மடங்காகிவிடுகிறது. விண்மீன்களின் பொலிவுப்படியில் இது ஏறக்குறைய ஒரு படி. ஐந்து படிகள் நூறு மடங்கு ஒளிக்குச் சமம் என்று அந்த அளவுகோலை 1856-இல் ஒழுங்குபடுத்தியவர் நார்மன் போக்சன். 1861-இல் மெட்ராஸ் வானாய்வகத்தின் பொறுப்பை ஏற்று, 1891-இல் இறக்கும்வரை இங்கேயே பணியாற்றியவர். ஒரு படி கூடினால் என்ன ஆகும் என்று பார்க்க, ஏப்ரல், மே இரவுகளில் தென்வானில் எழும் ஒமேகா சென்டாரி கொத்தைப் பார்த்தால் போதும். சிறிய கருவியில் பொடிப்பொடியாகத் தெரியும் பனிமூட்டம், 200 மி.மீ. கருவியில் உள்ளே வரை விண்மீன்களாக உடையும்.

ஒண்முகில்களிலும் விண்மீன் மண்டலங்களிலும் நடப்பது கொஞ்சம் வேறு. விண்மீனைப் போலப் புள்ளியாக இல்லாமல் பரந்திருக்கும் எதையும், வெறுங்கண்ணில் தெரிவதைவிடப் பிரகாசமான பரப்பாக எந்தத் தொலைநோக்கியாலும் காட்ட முடியாது. திரட்டிய ஒளி கூடுகிறது, உண்மை. ஆனால் உருப்பெருக்கம் அந்த ஒளியை அதே அளவு பரப்பிவிடுகிறது. ஐபீஸிலிருந்து வெளிவந்து கண்ணுக்குள் புகும் ஒளிக்கற்றையின் அகலம்தான் பரப்பின் பிரகாசத்தை நிர்ணயிக்கிறது. இதை வெளிக்கற்றை என்று சொல்லலாம். கண்ணாடியின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால் இது கிடைக்கும். 130 மி.மீ. கருவியில் 65 மடங்கு வைத்தால் வெளிக்கற்றை 2 மி.மீ. 200 மி.மீ. கருவியில் 100 மடங்கு வைத்தாலும் 2 மி.மீ. ஆகவே இரண்டிலும் ஒண்முகிலின் பரப்பு ஒரே பிரகாசம்தான்.

அப்படியானால் பெரிய கருவியால் என்ன லாபம்? அதே பிரகாசத்தில் ஒண்முகில் ஒன்றரை மடங்கு அகலமாகத் தெரிகிறது. இருட்டில் பார்க்கும்போது கண்ணின் விழித்திரை பக்கத்துப் பக்கத்துச் செல்களின் சைகைகளைச் சேர்த்துக் கூட்டுகிறது. ஆகவே மங்கிய ஒன்று பெரிதாக இருந்தால் சுலபமாகத் தட்டுப்படும். சிறிதாக இருந்தால் அதே மங்கலில் தொலைந்துபோகும். அமெரிக்க ஆய்வாளர் பிளாக்வெல் 1946-இல் வெளியிட்ட சோதனை முடிவுகள் இதை உறுதிசெய்கின்றன. பார்வையாளர்களிடம் பலவித அளவிலும் மங்கலிலும் வட்டங்களைக் காட்டி, எது கண்ணில் படுகிறது, எது படவில்லை என்று லட்சக்கணக்கான முறை குறித்திருக்கிறார். பிற்கால வானியல் ஆர்வலர்கள், மங்கிய விண்பொருளுக்கு எந்த உருப்பெருக்கம் பொருத்தம் என்று கணக்கிட இந்த அட்டவணைகளையே எடுத்துக்கொண்டார்கள்.

ஒளியில் ஐபீஸின் பங்கு எவ்வளவு? பூச்சில்லாத கண்ணாடிப் பரப்பு ஒவ்வொன்றும் ஏறக்குறைய 4 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பிவிடும். நல்ல பலபடிப் பூச்சு இருந்தால் இழப்பு அரை சதவீதத்துக்குள் அடங்கும். பிளாசல் வகை ஐபீஸில் காற்றைத் தொடும் பரப்புகள் நான்கு. பூச்சில்லாத பழைய பிளாசல் 15 சதவீத ஒளியை இழக்கும். இன்றைய நல்ல பிளாசல் 2 சதவீதம் அளவுக்கே இழக்கும். மாறும் விண்மீன்களின் பொலிவை மதிப்பிட்டுப் பழகிய கண்களுக்கே பத்து சதவீத வித்தியாசத்துக்குக் கீழே கண்டறிவது கடினம். ஆக, இன்று விற்கும் சுமாரான ஐபீஸுக்கும் உச்சவிலை ஐபீஸுக்கும் ஒளியளவில் நம் கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம் கிடையாது. எதிர்ப்பக்கத்தில், 130-லிருந்து 200-க்குப் போனால் கண்ணாடி தருவது 140 சதவீதக் கூடுதல் ஒளி.

விலை கூடிய ஐபீஸ் எதற்காக?

அப்படியென்றால் உயர்தர ஐபீஸ் வீண் செலவா? இல்லை. அது தருவது வேறு மூன்று.

முதலாவது, காட்சியின் அகலம். பிளாசல் ஐபீஸில் தெரியும் வட்டம் கண்ணுக்கு 50 டிகிரி அகலம். சில உயர்ரக ஐபீஸ்களில் 82, 100 டிகிரி. ஒளிகூட்டாத இந்த அகலத்துக்குப் பணம் தர வேண்டுமா? பூமியின் சுழற்சியைக் கணக்கில் எடுத்தால் தரலாம். வானத்தின் நடுக்கோட்டை ஒட்டியிருக்கும் விண்பொருள்கள் நொடிக்கு 15 வில்நொடி நகர்கின்றன. கைகளால் தள்ளி நகர்த்தும் தொலைநோக்கியில் 200 மடங்கு வைத்தால், 50 டிகிரி ஐபீஸில் வியாழன் ஒரு நிமிடத்தில் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு ஓடிவிடும். 100 டிகிரி ஐபீஸில் இரண்டு நிமிடம் நிற்கும். கோளின் நுண்விவரங்கள் காற்று அமைதியாகும் சில நொடிகளில் மட்டும் பளிச்சிடுபவை. காத்திருக்கக் கிடைக்கும் ஒவ்வொரு நொடிக்கும் மதிப்பு உண்டு.

இரண்டாவது, ஓரத் தெளிவு. குவியத்தொலைவு விட்டத்தைப்போல் பத்து மடங்கு உள்ள கருவியில் ஒளி மெல்லச் சாய்ந்து குவியும். எளிய ஐபீஸும் அதைச் சமாளித்துவிடும். ஐந்து மடங்கே உள்ள குட்டைக் கருவியில் ஒளிக்கூம்பு அதிகச் சாய்வோடு வந்து சேர்கிறது. அதை ஓரம்வரை புள்ளியாகவே கொண்டுபோக ஐபீஸுக்கு ஆறு, ஏழு லென்ஸ்கள் தேவைப்படும்.

மூன்றாவது, கண் வைக்கும் இடைவெளி. 10 மி.மீ. பிளாசலில் கண்ணை லென்ஸிலிருந்து 7 மி.மீ. தூரத்துக்குள் கொண்டுபோக வேண்டும். மூக்குக்கண்ணாடியோடு பார்ப்பவர்களுக்கு 15 முதல் 20 மி.மீ. இடைவெளி வேண்டும். கிட்டப்பார்வை, தூரப்பார்வைக் குறைகளைக் குவிக்கும் திருகே சரிசெய்துவிடும். உருளைப் பவர் கணிசமாக உள்ளவர்கள் மட்டும் மூக்குக்கண்ணாடியைக் கழற்ற முடியாது. அவர்களுக்கு இந்த வசதி ஆடம்பரமல்ல, தேவை.

பெரிய கண்ணாடியும் நல்ல ஐபீஸும் போட்டியாளர்களாக வளரவில்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். அமெரிக்காவின் சான்ஃபிரான்சிஸ்கோவில் ராமகிருஷ்ண மரபைச் சேர்ந்த வேதாந்த சங்கத்தில் துறவியாக இருந்த ஜான் டாப்சன், கப்பல் ஜன்னலின் தடித்த கண்ணாடியைத் தேய்த்தும், அட்டைக் குழாயையும் ஒட்டுப்பலகையையும் கொண்டும் மலிவாகப் பெரிய தொலைநோக்கிகளைச் செய்தார். 1967-இல் மடத்திலிருந்து வெளியேறியபின், தெருமுனைகளில் நிறுத்தி வருவோர் போவோருக்கெல்லாம் வானத்தைக் காட்டினார். டாப்சோனியன் என்ற பெயர் அவரிடமிருந்து வந்தது. பெரிய கண்ணாடிகள் சாமானியர் கைக்கு வந்தன. ஆனால் குழாய் கைக்கு அடங்கக் குவியத்தொலைவைக் குறைத்தபோது, ஓரங்களில் விண்மீன்கள் சிதைந்தன. மறுபக்கம், அப்போலோ விண்வெளி வீரர்களின் பயிற்சிக்கான நிலவிறங்கு மாதிரிக் கருவியில் அகன்ற காட்சிக்கான ஒளியியலை வடிவமைத்த ஆல் நாக்ளர், 1977-இல் டெலிவியூ நிறுவனத்தைத் தொடங்கி, பிறகு 82 டிகிரி ஐபீஸைக் கொண்டுவந்தார். குட்டையான பெரிய கண்ணாடிக்குத் தேவைப்பட்ட ஐபீஸ் அதுதான். பெரிதாக வாங்குகிறவருக்கு ஐபீஸ் தேவை குறைவதில்லை, கூடுகிறது.

இழப்பு எங்கே?

தொழில்முறை வானியலாளர்களுக்கும் இதே கேள்வி ஒருகாலத்தில் வந்தது. அவர்களுக்கு ஐபீஸின் இடத்தில் புகைப்படத் தகடு இருந்தது. கண்ணாடி திரட்டிய நூறு ஒளித்துகள்களில் ஒன்றிரண்டைத்தான் தகடு பதிவுசெய்யும். 1969-இல் பெல் ஆய்வகத்தில் பிறந்த சிசிடி எனும் மின்னணு உணரி, முதிர்ந்தபின் எண்பதுக்கு மேல் பதிவுசெய்தது. ஒளியை ஐம்பது மடங்கு கூட்டுவதற்குக் கண்ணாடியின் விட்டத்தை ஏழு மடங்காக்க வேண்டியிருக்கும். 5 மீட்டர் பலோமார் தொலைநோக்கியை 35 மீட்டராக்குவது எங்கே, உணரியை மாற்றுவது எங்கே? அங்கே பார்க்கும் முனையை மேம்படுத்தியதுதான் சரியான முடிவு.

அங்கே சரியாக இருந்தது நமக்கு ஏன் சரியாகாது? தகடு 98 பங்கை வீணாக்கிக்கொண்டிருந்தது. ஐபீஸ் ஏற்கெனவே 90 பங்குக்கு மேல் கொடுத்துவிடுகிறது. மிச்சம் பிடிக்க அங்கே இடமில்லை. கருவி எதுவானாலும் இழப்பு எங்கே அதிகம் என்று முதலில் கண்டுபிடித்து, அங்கேதான் பணம் போட வேண்டும். இந்தக் கட்டுரையில் நான் வற்புறுத்த விரும்புவது இதைத்தான்.

அப்படித் தேடினால், சில இழப்புகளை நிறுத்தப் பணமே வேண்டாம் என்று தெரியவரும். நம் தலைக்கு மேலுள்ள காற்றின் கொந்தளிப்பு சாதாரண இரவுகளில் விண்மீனை ஒன்று, இரண்டு வில்நொடி அகலத்துக்குக் கலைத்துவிடுகிறது. அத்தகைய இரவில் 130-உம் 200-உம் கோள்களில் ஒரே விவரத்தைக் காட்டினால் கருவியைக் குறை சொல்லக் கூடாது. வேறொரு இரவு பார்க்க வேண்டும். அறைக்குள்ளிருந்து எடுத்துவந்த கண்ணாடி வெளிக்காற்றின் வெப்பத்துக்கு இறங்கும்வரை தன்மேல் தானே கொந்தளிப்பை உண்டாக்கும். ஒரு மணி நேரம் முன்பே வெளியே வைத்துவிட வேண்டும். கண்ணாடிகள் ஒரே நேரில் இல்லாவிட்டால் 200 மி.மீ. கருவி ஒழுங்காக நேர்படுத்திய 130 மி.மீ. கருவியிடம் தோற்கும். ஊர் வெளிச்சமோ ஒண்முகில்களை அடியோடு விழுங்கிவிடும். வானியலாளர் வைணு பாப்பு 1960களில் ஜவ்வாது மலையின் காவலூரை வானாய்வகத்துக்குத் தேர்ந்தெடுத்ததில் நகர வெளிச்சம் எட்டாத இருட்டுக்கும் பங்குண்டு. சென்னை மொட்டை மாடியில் 200 மி.மீ. கருவிக்குக் கிட்டாத விண்மீன் மண்டலங்கள் அப்படிப்பட்ட மலையில் 130 மி.மீ. கருவிக்குக் கிட்டும். நிலவுக்கும் கோள்களுக்கும் மட்டும் இந்தக் கவலை இல்லை.

எப்படி முடிவெடுப்பது?

உங்கள் கருவியில் ஒரு பிரகாசமான விண்மீனைக் காட்சியின் நடுவில் வைத்துக் குவியுங்கள். பிறகு மெல்ல ஓரத்துக்குக் கொண்டுபோங்கள். நடுவிலேயே தெளிவில்லை என்றால் காற்று, நேர்படுத்தல், கண்ணாடி இவற்றைச் சந்தேகிக்க வேண்டும், ஐபீஸ் பிற்பாடுதான். நடுவில் புள்ளியாக இருப்பது ஓரத்தில் சிறகு விரித்தாற்போலவோ சிலுவையாகவோ சிதறினால் அது ஐபீஸின் குறை. நல்ல ஐபீஸ் சரிசெய்துவிடும். ஓரத்தில் வால்மீனைப் போல வெளிநோக்கி வால் நீட்டினால் அது குட்டைக் குவியக் கண்ணாடிக்கே உரிய கோமா என்னும் பிறழ்ச்சி. எந்த ஐபீஸும் அதைப் போக்காது, அதற்கென்று தனித் திருத்தி லென்ஸ் உண்டு. ஓரத்தில் மறுபடி குவித்ததும் தெளிந்தால், பிம்பத்தளம் வளைந்திருக்கிறது என்று பொருள்; அதைச் சகித்துக்கொள்ளலாம்.

விட்டம் கூடினால் உங்களுக்கு என்ன கிடைக்கும் என்பதை வாங்குவதற்கு முன்பே பார்த்துவிடலாம். வானம் பார்க்கும் கூடுகைகளில் யாராவது 200 மி.மீ. கருவி வைத்திருப்பார்கள். கேட்டுக்கொண்டு அதன் வாயில் 130 மி.மீ. துளையிட்ட அட்டையை வைத்தும் எடுத்தும், நீங்கள் விரும்பும் பொருளை ஒரே உருப்பெருக்கத்தில் பாருங்கள். நடுவிலுள்ள சிறு கண்ணாடி பெரிதாகவே இருப்பதால் அட்டை வைத்த காட்சி உங்கள் கருவியைவிடக் கொஞ்சம் மட்டமாக இருக்கும். அந்த அளவுக்குச் சலுகை கொடுத்துவிடுங்கள்.

இந்தச் சோதனைகளுக்குப் பின், பெரும்பாலோருக்கு நான் சொல்லும் வரிசை இது. கருவியோடு வந்த பிளாஸ்டிக் லென்ஸ் ஐபீஸ்களை முதலில் மாற்றுங்கள். கணிசமான இழப்பு அங்கே இருக்கிறது. அதை நிறுத்த ஆகும் செலவோ சிறியது. அகன்ற காட்சிக்கு ஒன்று, கோள்களுக்கு ஒன்று என்று நல்ல பிளாசல் தரத்தில் இரண்டு போதும். அடுத்து, மங்கிய பொருள்களில் ஆசை இருந்தால் பணத்தைக் கண்ணாடியில் போடுங்கள். போடுவதென்றால் விட்டத்தை ஒன்றரை மடங்காவது ஆக்குங்கள். 130-லிருந்து 150-க்குப் போனால் கூடும் ஒளி மூன்றில் ஒரு பங்குதான்; பொலிவுப்படியில் 0.3. அதற்காக முழுக் கருவியை மாற்றுவது தகாது. 200 மி.மீ. டாப்சோனியன் இருபது கிலோவுக்கு மேல் எடையிருக்கும். மூன்றாம் மாடியில் குடியிருந்து ஒவ்வொரு இரவும் கீழே இறக்க வேண்டியவர்களும், மூக்குக்கண்ணாடியைக் கழற்ற முடியாதவர்களும், நிலவும் கோள்களுமே போதும் என்பவர்களும் இருக்கும் கருவியை வைத்துக்கொண்டு ஐபீஸில் செலவிடலாம். மற்றவர்களுக்கு உயர்தர ஐபீஸ் கடைசி.

கடைசி என்பதால் மதிப்பு குறைந்தது என்று ஆகாது. ஐபீஸ்களின் அடிக்குழாய் பெரும்பாலும் 31.7 மி.மீ. என்ற பொது அளவில் இருப்பதால், இன்று வாங்குவது அடுத்து வரும் தொலைநோக்கியிலும் பொருந்தும். அதனால் அதை எப்போது வாங்கினாலும் நஷ்டம் எதுவும் இல்லை. கண்ணாடி திரட்டாமல் விட்ட ஒளியை மட்டும், பின்னால் எதை வாங்கிப் பொருத்தினாலும் திரும்பப் பெற முடியாது.